கழுவிப் போட்ட மாத்திரை

முதல் மாத்திரையைக் குழாயில் கழுவிவிட்டுத்தான் வாயில் போட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், என் கணவரும் சிரித்தார். உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெண்டைக்காய் கழுவுவதுபோல் புரட்டிப் புரட்டிக் கழுவினேன். மேல்பூச்சு கரைந்து விரலெல்லாம் வெள்ளையாகப் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்ததும் அப்படி ஒரு கசப்பு. விழுங்கிய பிறகும் நாக்கு கொஞ்ச நேரம் மரத்துக் கிடந்தது.

"எதுக்குக் கழுவுன?" என்றார் அவர், சமையலறை வாசலில் நின்றுகொண்டு.

"கடைல அந்த ஆளு துட்டு வாங்கின கையாலயே அட்டைய வெட்டினாரு. கத்திரி கீழ விழுந்துச்சு, அத எடுத்துத் தொடைக்காம வெட்டினாரு."

"அட்டையத்தான வெட்டினாரு. மாத்திர உள்ள கீது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கழுவுன?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் மாத்திரையே வாங்கியிருக்க மாட்டேன். இந்த நோயின் கேவலமே அதுதான். அட்டைக்குள் காற்றுகூடப் போகாது என்று தெரியும். கதவுப்பிடி சுத்தம் என்று தெரியும். எல்லாம் தெரிந்த ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்குக் கழுவிக்கொண்டே இருக்கும். அவள் சொல்வதை அது கேட்காது.

நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். என்ன வேலை, எந்தக் கட்டடம் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்பாக்கத்தில் வேலை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது ஒரு இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் அதற்குள் விட வேண்டும். ஒட்டக்கூடாதது ஏதாவது கையிலோ காலிலோ ஒட்டியிருந்தால் அது கத்தும். இல்லையென்றால் பச்சை விளக்கு. அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். நீ சுத்தமா இல்லையா என்ற கேள்விக்கு உலகத்தில் நேராகப் பதில் சொன்னது அது ஒன்றுதான். என் வீட்டு வாசலில் அப்படி ஒன்று இல்லை. அதனால் நானே இயந்திரமாகிவிட்டேன், பச்சை விளக்கு மட்டும் கடைசிவரை எரியவில்லை.

சொந்தக்காரர்கள், நான் வேலை இடத்திலிருந்து எதையோ வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று பயப்படுகிறேன் போல என நினைத்தார்கள். அது தலைகீழ். உள்ளே இருக்கும்வரை எனக்கு ஒரு பயமும் கிடையாது. வெளியே வந்து ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்த நொடியில் ஆரம்பிக்கும். கம்பி, ரூபாய் நோட்டு, செருப்பின் வார், லிஃப்ட் பொத்தான், அடுத்தவர் தோள். வீட்டுக்கு வந்தால் பை தனி, உடுப்பு தனி, குளியல், பிறகு குழாயைக் கழுவுவது, குழாயைக் கழுவிய கையைக் கழுவுவது. விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ரத்தம் கசியும். உப்பு போட்டுப் பிசைந்தால் எரியும்.

இது நோய் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? கல்பாக்கத்தில் கை கழுவுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? என் மேலதிகாரி புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்னைக் காட்டி, "வேலைன்னா இந்தம்மா மாதிரி செய்யணும்" என்பார். குவார்ட்டர்ஸில் என் சமையலறையைப் பார்க்கவே ஆள் வரும். நான் நாசமாய்ப் போய்க்கொண்டிருந்ததற்கு ஊரே கைதட்டியது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்கும்போது மட்டும் பூனைபோல் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படியே இன்னும் பல வருஷம் ஓட்டியிருப்பேன். அம்மாவால்தான் நின்றது.

அம்மா அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் காலனியில் என் தம்பியோடு இருக்கிறாள். தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள், களை பறித்தவள். அந்தக் கூலியில்தான் நான் டிப்ளமோ படித்தேன். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, ஆடு வளர்க்கிறாள். அவள் சின்ன வயதில் நிலக்காரர் வீட்டுக் களத்தில் தாகமெடுத்தால் எப்படித் தண்ணீர் கொடுப்பார்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். குனிந்து கை ஏந்த வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். செம்பு கையில் படக்கூடாது. டீக்கடையில் அவர்களுக்கென்று ஒரு கிளாஸ் ஓலைச் சொருகலில் இருக்கும், குடித்துவிட்டு அவர்களே கழுவிச் சொருக வேண்டும். தக்காளி விலையைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். கேட்ட எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மாதாமாதம் எங்கள் வீட்டுக்கு வருவாள். முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. ரெண்டு பஸ் மாறி வருகிறவள். ஆட்டைத் தொட்ட கை, பஸ் கம்பியைப் பிடித்த கை, சில்லறை எண்ணிய கை. என் நோய் அவளை விடுமா? முதலில் அவள் கொண்டுவந்த பையை பால்கனியிலேயே வைக்கச் சொன்னேன். அப்புறம் அவள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு துண்டு விரித்தேன். அப்புறம் ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் திட்டில் தனியாக வைத்தேன். அவள் வந்தால் அதில், ஜக்கு அதன் விளிம்பில் படாமல், மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அது ஒரு டம்ளர், ஒரு கை, நடுவில் ஒரு பயம். அவ்வளவுதான்.

ஒருநாள் வெயிலில் வந்தவள், நான் அடுப்பில் இருப்பதைப் பார்த்து, தானே போய் அலமாரியில் டம்ளர் எடுத்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது வேணாம்மா. உன்துது அங்க கீது" என்று ஜன்னலைக் காட்டினேன். கரண்டியைக் காட்டுவதுபோல் அமைதியாகத்தான் காட்டினேன். உள்ளுக்குள் குலை நடுங்கினாலும் வெளியே முகம் அசையாமல் வைத்துக்கொள்ள அத்தனை வருஷத்தில் நன்றாகப் பழகியிருந்தேன்.

அம்மா டம்ளரை அலமாரியிலேயே வைத்துவிட்டாள். ஜன்னல் திட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த நெலக்காரரு வூட்லயும் எனக்குனு ஒரு எடம் வெச்சிருந்தாங்க" என்றாள்.

தண்ணீர் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நான் வாசல் வரை ஓடினேன். அதன் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அவள் பிடித்துத் திறந்த கதவுப்பிடியைக் கழுவினேன். அவள் தெருமுனையில் தாகத்தோடு போய்க்கொண்டிருக்கிறாள், நான் கதவுப்பிடிக்கு சோப்பு போடுகிறேன். போட்டுக்கொண்டே அழுதேன். இது சுத்தம் இல்லை, இது ஏதோ ஒரு எழவு, இதை ஒழிக்காமல் விடப்போவதில்லை என்று அங்கே நின்றுகொண்டே முடிவு பண்ணினேன்.

போனில் அவளுக்கு விளக்கிப் பார்த்தேன். இது ஒரு நோய், ஓசிடி என்று பேர், உன்னை மட்டுமில்லை, எல்லாரையும் இப்படித்தான் என்றெல்லாம் சொன்னேன்.

"கை கழுவுறது நோயா?" என்றாள். "டப்பு வந்துச்சி, கவருமெண்டு வேலை வந்துச்சி, பெத்தவ நாறுறா. நேரா சொல்லிட்டுப் போயேன்."

வைத்துவிட்டாள். அவள் பக்கம் பார்த்தால் அது நியாயமான கணக்கு. அவள் வாழ்க்கையில் தனி டம்ளர் வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. என் காரணம் மட்டும் வேறு என்று அவள் எதற்காக நம்ப வேண்டும்? நம்ப வைக்கப் பேச்சு உதவாது. அவள் வாய் வைத்த டம்ளரில் அவள் கண் முன்னால் நான் குடிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் டாக்டரிடம் போனேன்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டினால் வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். அதனால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கிளினிக். அந்த டாக்டரம்மா பரிதாபப்படாதது எனக்குப் பிடித்திருந்தது.

"கழுவலன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"ஏதோ ஆகும் மேடம்."

"அந்த ஏதோ எதுன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அத மட்டும் கழுவிட்டு வேலையப் பாப்பேன்."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைதான் இது, இந்த நோய்க்கும் வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் கூடுதல் அளவு வேண்டியிருக்கும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், முதலில் தொந்தரவுதான் தெரியும் என்றார். நீங்களாக நிறுத்தக் கூடாது, எப்படிக் கூட்டுகிறோமோ அப்படியே மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வருஷமாவது, அதற்கு மேலும் ஆகலாம் என்றார்.

"போட்டா சரியாயிடுமா மேடம்?"

"மாத்திரை சத்தத்தைக் குறைக்கும். கழுவாம நிக்கறது நீங்கதான் நிக்கணும். அதுக்கு வாராவாரம் வாங்க, சொல்லித் தரேன்."

கீழே இருந்த மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கும்மா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன் கடை முழுக்கக் கேட்கும்படி. அவர் தடுமாறியதில்தான் கத்திரி கீழே விழுந்தது. மீதிக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தினமும் கழுவித்தான் போட்டேன். டாக்டரிடம் அடுத்த முறை போனபோது ஒப்புக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மருந்துல கொஞ்சம் சிங்க்குல போயிருக்கும். உங்க குழாய்க்கு மனசு சரியில்லன்னா இந்நேரம் சரியாயிருக்கும்."

முதல்முறையாக இந்த நோயை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று கொடுத்த முதல் பாடமும் அதுதான்: மாத்திரையைக் கழுவக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம். மறுநாள் காலையில் அட்டையை அழுத்தி மாத்திரையை நேராக உள்ளங்கையில் விழவிட்டபோது காதுக்குள் விசில் அடித்தது. கடைக்காரர் கை, கத்திரி, தரை, அந்தத் தரையில் நடந்த அத்தனை செருப்பும் என் கண் முன்னால் வந்தன. மாத்திரையைப் பார்த்து, "வா, இன்னாதான் பண்ணுவ பாக்கலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விழுங்கினேன். என் கோபம் முதல்முறையாக உருப்படியான ஒரு வேலைக்கு ஆனது.

அதன் பிறகு வந்த வாரங்கள் படு பேஜாரு. காலையில் பஸ்ஸில் குமட்டும். மேலதிகாரி பாதுகாப்பு விதிகளை விளக்கிக்கொண்டிருக்கும்போது வாய் பிளந்து கொட்டாவி வரும், அடக்கவும் முடியாது. உள்ளங்கை வேர்க்கும். படபடப்பு குறையாமல் முன்னைவிட ஏறியது. கட்டிலில் ஆசையும் போய்விட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும், இதைப் படிக்கிற யாராவது தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்து மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. டாக்டரிடம் அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், வழி இருக்கிறது என்றார். வெட்கமாகத்தான் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன்.

என் கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு போனில் தேடினார்.

"இதுல டிப்ரெஷனுக்குன்னு போட்டுக்கீது. உனக்கு இன்னா டிப்ரெஷன்? என்னத்தான் டிப்ரெஷன் ஆக்கிகினு கீற."

"நீ வேணா ஒன்னு போட்டுக்க."

"கழுவிக் குடு, போட்டுக்கறேன்."

அவர் அப்படித்தான். கேலி செய்வார், ஆனால் ஒருநாளும் நிறுத்து என்று சொன்னதில்லை. நிறுத்தச் சொல்ல வெளியே நிறையப் பேர் இருந்தார்கள். எப்படியோ விஷயம் கசிந்து, எங்கள் பிளாக் அக்கா ஒருவர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டு, இந்த மாத்திரையெல்லாம் கிட்னியைக் காலி பண்ணிவிடும், தியானம் செய், மனசு கட்டுப்படும் என்றார். "என் கிட்னிய நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சர்க்கரைக்கு அவர் போடும் மாத்திரையை நான் என்றைக்காவது தியானத்தால் சரி பண்ணச் சொல்லியிருக்கிறேனா?

டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகு இன்னும் ஒரு முறை கூட்டினார். எந்த நாள் மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு சாயங்காலம் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான், பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, ஒரு முறை கை கழுவி, வெங்காயம் நறுக்கி, அரிசி களைந்து குக்கரே வைத்தாகிவிட்டது. அவ்வளவு நேரமும் கம்பியின் நினைப்பு வரவில்லை. அடுப்பை அணைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று உடனே தெரியவில்லை, ஏதோ தொலைந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகுதான் சந்தோஷம் என்று புரிந்தது.

சத்தம் நின்றுபோகவில்லை. பக்கத்து வீட்டு டிவிபோல் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். நான் எழுந்து போய்க் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இத்தனை நாள் அது என் காதுக்குள் கத்தியபோது டாக்டர் சொன்ன எதையும் செய்ய முடியவில்லை. இப்போது செய்யலாம் என்று ஆனது. மாத்திரை எனக்குக் கொடுத்தது அந்த இடைவெளியைத்தான். அதில் நிற்க வேண்டியது என் வேலை.

நின்றேன். வேலை முடிந்து வரும்போது அந்த இயந்திரத்தில் ஒருமுறை பச்சை எரிந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை ஏறிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அதை விட்டேன். முதல் பச்சையிலேயே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். கடற்கரை மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும், கடையில் பொரித்த மீனைக் கையால் தின்ன வேண்டும், தின்பதற்கு முன்னால் சானிடைசர் தொடக் கூடாது. இது டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம். அந்த பாட்டிலை என் கணவர் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

மீன்காரம்மா தாளில் வைத்துக் கொடுத்தார். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. என் விரலில் மணல், மீனில் மிளகாய். வாயில் வைத்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணில் நீர் கொட்டியது.

"காரமா?" என்றார் மீன்காரம்மா.

"ஆமாங்க" என்றேன்.

சானிடைசர் பாட்டிலை வாங்கிவிடலாம் என்று என் கணவர் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, இனி தாங்காது என்ற இடத்தில் நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அதுவாகவே இறங்கியது. கழுவினால்தான் இறங்கும் என்று இத்தனை வருஷம் அது என்னை ஏமாற்றியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு மீன் வாங்கித் தின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரை எடுத்து அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். எல்லாம் கல்யாணத்துக்கு வந்த ஒரே செட், ஒரே மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். கண்ணைத் திறந்தபோது எது அம்மாவுடையது என்று எனக்கே தெரியவில்லை, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"டம்ளரலாம் ஒன்னாக் கலந்துட்டேன்மா. இப்ப தனியா ஒன்னுங் கெடையாது. வா."

"நல்லது. நீயே குடி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சரி, அவள் வரமாட்டாள். நான் போகலாமே. கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் இருந்தால் அம்மா மருமகனுக்காகச் சிரித்துப் பேசிவிடுவாள், உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, செங்கல்பட்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னொரு பஸ். இரண்டிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிடிக்காமல் விழாமல் நிற்கும் வித்தையெல்லாம் எனக்குத் தெரியும், அதைக் காட்டவில்லை.

அம்மா வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "வா" என்று ஒரு சொல். தம்பி சவாரிக்குப் போயிருந்தான். உள்ளே போய், அடுப்பில் இருந்த டீயைத் தனக்கு ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. பிறகு, மறந்துவிட்டவள்போல் எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புது டம்ளரை எடுத்தாள். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அதில் டீயை ஊற்றி, என் கைக்கு எட்டும் தூரத்தில் தரையில் வைத்தாள்.

"உனக்குனு வாங்கினது" என்றாள். "யாரும் வாய் வெக்கல. பயப்படாத."

வீட்டுக்குள் வந்தபோது வைத்துக்கொண்டிருந்த தைரியமெல்லாம் அந்த ஸ்டிக்கரில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் என்னைக் குத்துவதற்காகச் செய்தாள் என்றால்கூடப் பரவாயில்லை. அவள் குரலில் குத்தல் இல்லை. இனிமேல் நம் இரண்டு பேருக்கும் இப்படித்தான் என்று ஒத்துக்கொண்டு, அதற்காகக் கடைக்குப் போய் டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புது டம்ளரைத் தொடவில்லை. கையை நீட்டி, அவள் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்தேன். விளிம்பில் அவள் உதடு பட்ட ஈரம் இருந்தது. பக்கத்தில் தழையின் பச்சை, ஆட்டுமயிர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்த டிவி ஒரேயடியாக உள்ளே வந்து கத்தியது. வழக்கமாக நான் இந்த இடத்தில் முகத்தைச் சரிபண்ணிக்கொள்வேன். அன்று பண்ணவில்லை. எது வருகிறதோ வரட்டும், அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை நடுங்கியது. டம்ளர் பல்லில் இடித்தது, டீ கழுத்தில் வழிந்து புடவையில் சொட்டியது. எனக்கு மூச்சு வாங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு வாய் குடித்தேன். விழுங்கினேன்.

அம்மா அசையாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேர் அவளுக்குத் தனி டம்ளரில் ஊற்றியதைப் பார்த்தவள். அதில் ஒருத்தர் கையாவது நடுங்கி அவள் பார்த்திருப்பாளா?

"அவ்ளோ கஷ்டமா கீதா?" என்றாள் கடைசியில். அவள் குரல் மாறியிருந்தது.

"கீதும்மா."

"என்னாலயா?"

"உன்னால இல்ல. இது எல்லாத்துக்கும் இப்டித்தான். மாத்திர போட்டுகினு கீறேன். முன்னக்கி இப்ப எவ்ளோவோ பரவால்ல."

"பரவால்லயே இப்டியா?" என்றாள். புது டம்ளரை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அப்ப எதுக்குடி குடிச்ச? நான் உன்ன கேட்டனா?"

"குடிச்சாத்தான் போவும்."

அவள் யோசித்தாள். நடவு வயலில் காலில் முள் குத்தினால் கரையேறாமல் அங்கேயே பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த நாற்றை ஊன்றுகிறவள் அவள். என் மூக்கு நுனிக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

"அப்ப இன்னொரு வாய் குடி" என்றாள்.

டம்ளரைத் தூக்கினேன். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டம்ளரின் அடியில் தன் கையைக் கொடுத்து, டீ முழுவதும் தீரும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.